யுத்தகாலப் பின்னலூசிகள்

1939ஆம் ஆண்டு செத்தெம்பர் 1ஆந் திகதி தொடங்கி மூன்று நாட்களுக்குள், பிரித்தானியாவின் பெருநகரங்களிலிருந்து ஏறக்குறைய 15 இலட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாடசாலைப் பிள்ளைகள். ஜெர்மானிய விமானங்களின் குண்டுகளுக்கு அஞ்சி அரசாங்கம் செய்த ஏற்பாடு இது. சட்டையிற் பெயர்ச்சீட்டும் தோளில் நச்சுப்புகை முகமூடிப் பெட்டியும் தொங்க, பிள்ளைகள் புகையிரதமேறினர். புகையிரதங்களும் முகமூடிகளும் ஆயத்தமாயிருந்தன, உடைகள் இருக்கவில்லை. கொண்டுவர வேண்டிய உடைகளின் பட்டியல் பெற்றோருக்கு முன்னரே அனுப்பப்பட்டதுண்டு. ஆயின், அவற்றை வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பட்டியலை எழுதினோர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. நியூகாசில் நகரிற் பதிவு செய்யப்பட்ட பிள்ளைகளுள் ஐந்தில் ஒரு பங்கினருக்குப் போதிய உடையில்லை. கந்தையும் துணிச் சப்பாத்துமாக வந்திறங்கியவர் பலர். அவ்வாண்டின் மாரியோ கடுமையானது. 1940 சனவரியிலே தேம்சு நதியும் சிற்சில இடங்களில் உறைந்தது.

இந்நிலையில் முன்வந்தவர்கள் பெண்களே. றெடிங் பிரபுவின் மனைவியாரான ஸ்ரெல்லா அம்மையார், 1938இல் மகளிர் தொண்டர் சேவையை நிறுவியிருந்தார். இவர் முன்பு இந்தியாவில் இராசப்பிரதிநிதியின் இல்லத்திற் செயலாளராகப் பணியாற்றியவர். வான் தாக்குதற் காப்புப் பணிக்கென எழுந்த அச்சேவை, நாளடைவிற் பத்து இலட்சம் பெண்களைத் தன்பாற் சேர்த்து, பிள்ளைகளின் உடைப்பிரச்சினையையும் தன் தலைமேற் கொண்டது. கிராம மண்டபங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் பெண்கள் பின்னலூசியோடு அமர்ந்தனர். காலுறை, கையுறை, தொப்பி, கம்பளிச்சட்டை என்பன உருவாயின. எஞ்சிய நூற்றுண்டுகளும் வீணாகவில்லை. சிறு சதுரங்களாகப் பின்னப்பட்டு, ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுப் போர்வைகளாயின. கொக்கி ஊசியால் குரோசே பின்னத் தெரிந்தோருக்கு இது விருப்பமான வேலையாயிற்று.

1941 யூன் 1ஆந் திகதி உடைப் பங்கீடு வந்தது. வளர்ந்தோர் ஒருவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன்கள். இரண்டு அவுன்சுக் கம்பளி நூலுக்கு ஒரு கூப்பன். அரிசிக் கூப்பனின் அருமையை அறிந்த நம் நாட்டவர்க்கு இக்கணக்கின் இறுக்கத்தை விளக்க வேண்டியதில்லை. புதுநூல் அருகவே, பழஞ்சட்டைகள் நூலாயின. முதலிற் சட்டையின் தையலைப் பிரித்து, இழையை உருவி, கழியாகச் சுற்றுவர். பின்பு அதனைக் கழுவி, சுருள் நிமிரும்படி பாரங்கட்டி உலரவிட்டு, உருண்டையாக்கி மீண்டும் பின்னுவர். வளரும் பிள்ளைக்குப் பின்னலாடையைப் போல் ஏற்றது வேறில்லை. கை குறுகினால் அதன் ஓரத்தை அவிழ்த்து நான்கு விரலளவு நீட்டலாம். வெட்டித் தைத்த துணியில் இது எளிதன்று.

கடல் கடந்தும் உதவி வந்தது. 1940 சனவரியில் நியூயோர்க் நகரில் நட்டலி லேதம் என்ற பெண்மணி தொடங்கிய 'பிரித்தானியாவுக்குப் பொதிகள்' என்னும் இயக்கம், முதலிற் கடற்படையினருக்கும் பின்னர்க் குண்டுவீச்சில் வீடிழந்தோருக்கும் பின்னலாடைகளை அனுப்பியது. கனடிய, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கங்களின் பொதிகளும் வந்தன.

எனினும், பெறுபவரின் மனநிலையை எண்ணாத கொடை பிள்ளையைக் கூசச் செய்யும். இதனை மகளிர் சேவையினர் நன்குணர்ந்திருந்தனர். அவர்கள் நடத்திய உடைமாற்று நிலையங்களில், தாய்மார் பிள்ளைக்குச் சிறுத்துப்போன உடையைக் கொடுத்து, அதற்குரிய புள்ளிகளுக்குப் பெரிய உடையைப் பெற்றனர். அங்கே ஏந்திய கை இல்லை. கொடுக்கல் வாங்கலே இருந்தது. பின்னிய சட்டைகளின் எண்ணிக்கையிலும் இந்த நுட்பமே பெரிதென மதிக்கத் தக்கது.

ஆயினும் ஊசிகள் எத்துணை விரைந்தாலும் வறுமை அதனினும் விரைவுடையது. நகரத்து ஏழைப் பிள்ளைகளின் நிலையை நாட்டுப்புற வீடுகள் முதன்முறையாகக் கண்கூடாகக் கண்டன. சிலர் அந்தத் தாய்மாரைச் சோம்பேறிகள் என்று பழித்தனர். பின்னலுக்கு அமர்ந்த கைகளுட் சிலவும் அப்பழியைக் கூறிய வாய்களுக்கு உரியனவாகவே இருந்திருக்கலாம். மகளிர் நலக் குழுவொன்று 1943இல் வெளியிட்ட 'நம் நகரங்கள்' என்ற நூல் அக்குறைகளை ஒளிக்காது எடுத்துரைத்தது. ஆனால் பழியோடு நில்லாமல், குடும்பப் படி முதலிய அரசாங்க நடவடிக்கைகளையும் வேண்டிற்று. 1945இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. 1946 ஓகஸ்ட் முதல் இரண்டாம் பிள்ளைக்கும் அதற்கு இளையோருக்கும் தலைக்கு வாரம் 5 சிலிங் கிடைக்கலாயிற்று.

மூத்த பிள்ளைக்கு அப்படி இல்லை. உடைப் பங்கீடும் 1949 மார்ச்சு வரை நீங்கவில்லை. பழஞ்சட்டையைப் பிரித்து நூலுருண்டை சுற்றும் வேலை, யுத்தம் முடிந்த பின்னும் பல வீடுகளில் தொடர்ந்தது.