உழைப்பு யாருடைய சொல்?

பொருளியல் ஆய்வாளர்களுக்குத் திருப்பூர் பிடித்த ஊர். சின்னச் சின்ன பனியன் கம்பெனிகள் வேலையைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு வெளிநாட்டுச் சந்தையைப் பிடித்தது எப்படி என்ற கேள்வி பலரை இங்கே வரவழைத்தது. பமேலா காத்தோர்ன் 1990இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், கம்பெனி பெரிதாகாமல் பல யூனிட்டுகளாகப் பிரிந்து பெருகுவதைக் கண்டு அதற்கு ‘அமீபா முதலாளித்துவம்’ என்று பெயர் வைத்தார்.

இத்தாலியின் சிறுதொழில் நகரங்களை உலகமெங்கும் முன்மாதிரியாகப் பேசிய காலம் அது. 1994இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் வெளியிட்ட ஆய்வறிக்கை, திருப்பூரும் அப்படியொரு தொழில் வட்டாரமாக உருவாகிறதா என்று தலைப்பிலேயே கேட்டது. அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு வாதம் இருந்தது: ஏற்றுமதி பெருகுவதை மட்டும் வைத்து ஊரை மெச்சிவிட முடியாது, வேலை செய்கிறவர்களின் நிலையையும் பார்க்க வேண்டும்.

2004இல் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வந்தன. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் மூலதனம் யாரிடம் போகிறது என்று பார்த்தார்கள். கவுண்டர் சமூகத்தவர் கூடுதல் முதலோடு தொழில் தொடங்க, வெளியாட்கள் குறைந்த முதலில் தொடங்கி வேகமாக வளர்ந்ததைக் காட்டினார்கள். பணம் திறமையை மட்டுமல்ல, உறவையும் பார்த்துத்தான் போகிறது.

சரத் சாரியின் ‘ஃபிரேடர்னல் கேபிடல்’ நூல் ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. எப்படி முன்னுக்கு வந்தோம் என்பதற்கு முதலாளிகள் சொன்ன விளக்கம் ‘உழைப்பு’. காட்டு வேலையிலிருந்து கம்பெனிக்கு வந்த கவுண்டர் ஆண்களின் உழைப்பு முதலாக மாறுவதற்குச் சாதியும் சொந்தபந்தமும் துணை நின்றன. 1980களின் நடுவிலிருந்து ஏற்றுமதி பெருகியபோது பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தார்கள். அந்த ஏணி அவர்களுக்குப் போடப்படவில்லை.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்தது முதுகலைப் பொருளியல் மாணவர்களின் ஆய்வுக் கருத்தரங்கால்தான். ஆய்வேடுகளின் தமிழைத் திருத்தித் தருவதற்காகப் போய் உட்கார்ந்தேன். டாலர் மதிப்பு, ஜிஎஸ்டி, சாயப்பட்டறைக் கழிவு என்று தலைப்புகள் வந்தன. ஒருவரின் கேள்வித்தாளில் தொழிலாளர்களுக்கு நான்கு கட்டங்கள்: கட்டிங், டெய்லர், அயர்னிங், ஹெல்பர். கைமடிப்பவரும் பிசிறு வெட்டுபவரும் செக்கிங் பார்ப்பவரும் கடைசிக் கட்டத்துக்குள் அடங்கிப்போனார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “எங்கம்மா பதினெட்டு வருசமா செக்கிங் பாக்குறாங்க சார். அவங்க யாருக்குங்க ஹெல்பர்?”

“அதும்மா, கம்பெனியில வழக்கமா சொல்றதுதான்” என்றார் பேராசிரியர்.

“அந்த வழக்கத்தையும் ஆராயலாமுங்களே சார்?”

இது வெறும் பெயர்ச் சிக்கல் அல்ல. வேலையின் பெயரை வைத்துத்தான் கூலி பேசப்படுகிறது. ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தவறினால் சரக்கே திரும்பி வரும்; ஆனாலும் அந்தக் கண்ணின் பழக்கம் திறமைக் கணக்கில் ஏறுவதில்லை. உதவியாள் என்று எழுதிவிட்டால் உதவியாள் கூலிதான். வாங்குகிற கூலியைக் காட்டி, அது திறமை தேவைப்படாத வேலை என்று அடுத்த ஆய்வேடு எழுதும்.

பெண்ணிய ஆய்வாளர்கள் இந்தச் சுழலை முன்பே கண்டார்கள். வேலையில்லாதவர் என்று கணக்கெடுப்பு எழுதிய பெண்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று தேவகி ஜெயின் 1970களில் ராஜஸ்தான், வங்காளக் கிராமங்களில் மணிக்கணக்குப் பார்த்தார். 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் அரசே நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. ஒன்றரை ஷிப்டு முடித்து வந்து அடுப்பு பற்றவைக்கிறவளின் நாளை அளக்க அப்படியொரு கணக்கு வேண்டும்.

அந்த மாணவி தன் கேள்வித்தாளை மாற்றி எழுதினாள். எந்த வேலையை யாரிடம் கற்றீர்கள், தேர்ச்சி வர எத்தனை மாதம் ஆனது, பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தபோது பழைய கூலி கிடைத்ததா என்று கேட்டாள். ‘ஹெல்பர்’ கட்டத்தை எடுத்துவிட்டு ஏழு வேலைகளைப் பெயர் சொல்லி எழுதினாள். பொருளியல் படிக்கும் பெண்களிடம் நான் கேட்பதும் அதுதான்: உங்கள் படிவத்தின் கடைசிக் கட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் நம் அம்மாக்கள் இருப்பார்கள்.