நூல்கள் இணைத்த இல்லறம்



திருமணம் பேசும்போது நம்மவர் பத்துப் பொருத்தம் பார்க்கின்றனர். நாள், கணம், இராசி, இரச்சு என்று விரல் மடக்கி எண்ணுகின்றனர். படிக்கும் நூல்களில் பொருத்தம் உண்டா என்று கேட்டவரை நாம் கண்டதில்லை. அப்பொருத்தம் தற்செயலாக வாய்த்த ஒரு கணவன் மனைவியின் வரலாறு சீனத்தில் உண்டு.

சோங் மரபினர் சீனத்தை ஆண்ட காலம் அது. 1101-ஆம் ஆண்டில் லி சிங்சாவ் என்னும் பெண்ணுக்கும் சாவ் மிங்செங் என்னும் இளைஞருக்கும் மணம் நடந்தது. சீனக் கணக்குப்படி அவருக்கு வயது 18, இவருக்கு 21. இரு தந்தையரும் அரசு அதிகாரிகள். அரசியலிலோ எதிரெதிர் அணியினர். மறு ஆண்டே பெண்ணின் தந்தை தண்டனைக்குள்ளானார். மாமனார் மேன்மேலும் உயர்ந்தார். குடும்ப நிலையை மட்டும் பார்த்தால் இந்த மணம் கசந்திருக்க வேண்டும். கசக்கவில்லை.

லி சிங்சாவ் பெரும் கவிஞர். கணவருக்கோ பழங்கால வெண்கலக் கலங்களிலும் கற்களிலும் பொறித்த எழுத்துகளின் மேல் தீராத ஆசை. தலைநகர் கைஃபெங்கில் அவர் அரசுக் கல்விக்கூடத்து மாணவராக இருந்தபோது, மாதத்தில் இருமுறை வீடு வருவார். துணியை அடகு வைத்து 500 காசு பெற்று, சியாங்குவோ கோயில் சந்தைக்குச் செல்வார். கல்வெட்டு மைப்படிகளும் கொஞ்சம் பழமும் வாங்கி வருவார். பழத்தைத் தின்றபடியே இருவரும் மைப்படிகளை விரித்துப் படிப்பார்கள். புதுமணத் தம்பதியர்க்கு இதைவிட வேறு விருந்து தேவைப்படவில்லை போலும்! ஒருமுறை புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் மலர் ஓவியம் விலைக்கு வந்தது. விலை 200,000 காசு. இரண்டு இரவு வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தனர். பல நாள் அந்த ஏக்கம் தீரவில்லை.

1107-இல் மாமனார் இறந்தபின் இருவரும் சொந்த ஊர்ப்பக்கமான சிங்சோவில் பல்லாண்டு வாழ்ந்தனர். உணவு முடிந்ததும் தேநீர் காய்ச்சுவர். குவிந்த நூல்களைச் சுட்டி, இன்ன செய்தி எந்த நூலில், எந்தப் பகுதியில், எத்தனையாம் பக்கத்தில், எந்த வரியில் உள்ளது என்று ஒருவரையொருவர் கேட்பர். சரியாகச் சொன்னவர்க்கே முதல் தேநீர். மனைவிக்கு நினைவாற்றல் மிகுதி. வென்ற களிப்பில் சிரித்துச் சிரித்துக் கிண்ணத்துத் தேநீர் மடியில் கொட்டிவிடும். குடிக்க ஒன்றும் மிஞ்சாது.

இந்த இன்பத்திலும் ஒரு சிறு விரிசல் விழுந்தது. அதை நாம் மறைப்பதற்கில்லை. நூல்கள் பெருகவே, நூலகம் கட்டிப் பேழைகளைப் பூட்டினர். படிக்க வேண்டுமானால் சாவி கேட்டுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். தாளில் சிறு கறை பட்டாலும் கண்டிப்பு உண்டு. தேநீர் சிந்தச் சிரித்த வீட்டில் இப்படியொரு சட்டம்! மனைவிக்கு அது பொறுக்கவில்லை. உணவிலும் உடையிலும் அணிகலனிலும் சிக்கனம் பிடித்து, தாம் அச்சமின்றிப் புரட்டுவதற்கென்று தனிப்படிகள் வாங்கலானார். சண்டையிட்டிருந்தால் நமக்கு வியப்பில்லை. அவர் இன்னும் நூல்களையே வாங்கினார்.

பின்னர்ப் போர் வந்தது. வடக்கிலிருந்து வந்த சின் படையினர் 1127-இல் தலைநகரைக் கைப்பற்றினர். பெரிய நூல்களையும் எழுத்தில்லாத கலங்களையும் கழித்துப் பார்த்தும் 15 வண்டிச் சுமை தெற்கே சென்றது. சிங்சோவில் பூட்டி வைத்த பத்துக்கும் மேற்பட்ட அறைகளின் பொருள்கள் அவ்வாண்டின் இறுதியிலேயே தீக்கிரையாயின.

1129-இல் கணவர் அரசர் அழைப்பின்பேரில் தனியே புறப்பட்டார். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று படகிலிருந்து மனைவி கூவிக் கேட்டார். கரையிலிருந்த கணவர் வரிசை சொன்னார்: முதலில் மூட்டைகளை விடு, பிறகு துணிகளை, பிறகு நூல்களை, பிறகு பழம்பொருள்களை, முன்னோர் வழிபாட்டுக் கலங்களை மட்டும் விடாதே, வாழ்ந்தாலும் செத்தாலும் அவற்றோடு இரு. மனைவியின் உயிரும் அந்த வரிசைக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பேச்சை எத்தனை முறை படித்தாலும் நம் மனம் சற்றுத் தயங்கவே செய்கிறது. வழியில் நோயுற்ற அவர் சில வாரங்களில் இறந்தார். செய்தி கேட்ட மனைவி இரவு பகலாகப் படகில் விரைந்தும், பிழைக்க வைக்க முடியவில்லை.

அப்போது அவரிடம் எஞ்சியவை 20,000 சுருள் நூல்கள், 2,000 மைப்படிகள். போரிலும் ஓட்டத்திலும் அவை ஒவ்வொன்றாய்ப் போயின. குவைஜியில் தங்கியிருந்தபோது ஓர் இரவு, திருடர்கள் சுவரைத் துளைத்து ஐந்து பெட்டிகளைத் தூக்கிச் சென்றனர்.

கணவர் தொகுத்த கல்வெட்டுப் பதிவு நூல் ஒன்று அவர் கையில் இருந்தது. 2,000 பொறிப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றில் 502-க்குக் கணவர் குறிப்பெழுதிய நூல் அது. 1130-களில் லி சிங்சாவ் அதற்கு ஒரு பின்னுரை எழுதிச் சேர்த்தார். அடகு வைத்த துணி, திருப்பித் தந்த ஓவியம், மடியில் கொட்டிய தேநீர், கேட்டு வாங்கிய சாவி, படகிலிருந்து கேட்ட கேள்வி ஆகிய யாவும் அந்தப் பின்னுரை வழியாகவே நமக்குத் தெரிய வந்தவை.