உடல் பிம்பம் குறித்த கிறித்தவப் பார்வை

உடல் பிம்பம் என்பது ஒருவர் தம் உடல் தோற்றத்தைப் பற்றி மனத்தில் கொண்டுள்ள எண்ணங்கள், உணர்வுகள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். ஆஸ்திரிய உளநோய் மருத்துவர் பவுல் சில்டர் 1935 இல் வெளியிட்ட நூல் இக்கருத்தாக்கத்தை உளவியலில் பரவச் செய்தது. தோற்றத்தைக் கொண்டே மனிதரின் மதிப்பை அளக்கும் போக்கைக் கிறித்தவ இறையியல் ஏற்பதில்லை. எனினும், கிறித்தவச் சமூகங்களும் அப்போக்கிலிருந்து விடுபட்டவை அல்ல.

ஊடகத் தாக்கம்

மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர் என்னும் சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டை லியோன் பெசுடிங்கர் 1954 இல் முன்வைத்தார். ஒப்பீட்டுக்குரியவர் அண்டை வீட்டாராக அன்றி, திருத்தப்பட்ட ஒளிப்படத்தில் உள்ளவராக இருக்கும்போது அந்த அளவுகோல் எட்ட இயலாததாகிறது.

இதற்கு அடிக்கடி சுட்டப்படும் சான்று பிஜித் தீவின் நாட்ரோகா பகுதி ஆகும். பருத்த உடலை நலத்தின் அடையாளமாகப் போற்றிய பிஜியப் பழங்குடியினருள் பெரும்பாலோர் மெதடிஸ்த கிறித்தவர்கள். அங்கு 1995 இல் தொலைக்காட்சி அறிமுகமானது. ஆன் பெக்கர் குழுவினர் அவ்வாண்டிலும் 1998 இலும் பள்ளி மாணவியரின் இரு வேறு குழுக்களை ஆய்வு செய்தனர். உணவுண்ணல் கோளாற்றைச் சுட்டும் மதிப்பெண் பெற்றோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்தனர். ஆய்வு முடிவுகள் 2002 இல் வெளியாயின. தேவாலய வழிபாட்டில் ஊறிய சமூகமும் இத்தாக்கத்துக்கு விலக்காகவில்லை என்பது இதனால் புலப்படுகிறது.

இந்தியாவில் நிறமும் இத்தகைய அளவுகோலாக உள்ளது. இதற்கு எதிராகச் சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009 இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்னும் பரப்புரையைத் தொடங்கியது.

விவிலிய அடிப்படை

மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டனர் என்னும் போதனை (தொடக்க நூல் 1:27) முதன்மையானது. இதன்படி மதிப்பு என்பது ஈட்டப்படுவது அன்று, படைப்பிலேயே அளிக்கப்பட்டது. அரசரைத் தேர்ந்தெடுக்கச் சென்ற சாமுவேல், எலியாபின் தோற்றத்தையும் உயரத்தையும் பார்க்க வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறார் (1 சாமுவேல் 16:7). ஆயினும் அதே அதிகாரம் தாவீதை அழகானவர் என்றே வருணிக்கிறது. எனவே அழகு அங்கு மறுக்கப்படவில்லை. அது தகுதியாகக் கொள்ளப்படுவதே மறுக்கப்படுகிறது.

இறையியல் வளர்ச்சி

பருப்பொருளைத் தாழ்வாகக் கருதிய ஞானக் கொள்கையினரை இரண்டாம் நூற்றாண்டில் இரனேயு எதிர்த்தார். இறைமகன் மனித உடல் எடுத்தார் என்பதும் உடலின் உயிர்ப்பும் திருச்சபையின் நம்பிக்கைகளாக நிலைபெற்றன. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 முதல் 1984 வரை ஆற்றிய மறையுரைகள் 'உடலின் இறையியல்' என அறியப்படுகின்றன.

விமர்சனங்கள்

கிறித்தவ மரபே உடல் மீதான வெறுப்பை வளர்த்ததாகவும் குற்றச்சாட்டு உண்டு. சியன்னா நகரப் புனித கத்தரீன் (1347–1380) மேற்கொண்ட கடும் நோன்பை, ருடால்ஃப் பெல் 1985 இல் பசியின்மைக் கோளாற்றுடன் ஒப்பிட்டார். இடைக்காலச் சமய உணர்வை இன்றைய நோயின் வழியாக மட்டும் விளக்க இயலாது எனக் கரோலின் வாக்கர் பைனம் 1987 இல் வாதிட்டார்.

அமெரிக்காவில் பிரெசுபிட்டேரியப் போதகர் சார்லி செட் 1957 இல் இறைவேண்டலால் எடை குறைக்கும் முறையை நூலாக்கினார். இவ்வகை நூல்கள் பருமனைப் பாவமாகக் காட்டி, ஊடக அளவுகோலுக்குச் சமயப் போர்வை அளிக்கின்றன என்பர் விமர்சகர். உடலைத் தூய ஆவியின் கோவில் எனக் கூறும் பகுதியும் (1 கொரிந்தியர் 6:19) இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் அப்பகுதி பேசுவது பரத்தைமை குறித்தேயன்றி உடல் எடை குறித்து அன்று.

மேய்ப்புப் பணியில்

உணவுண்ணல் கோளாறுகள் உயிருக்கு ஆபத்தான நோய்கள். அவற்றை நம்பிக்கைக் குறைவு என விளக்குவது சிகிச்சையைத் தாமதப்படுத்தக்கூடும். இறைவேண்டலும் அருள்பணி ஆலோசனையும் மருத்துவத்துக்குத் துணையாக அமையலாம். மாற்றாக அமைய இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

தன்மதிப்பு
உணவுண்ணல் கோளாறுகள்
கிறித்தவ மானிடவியல்