எண்ணும் விளையாட்டும்

பண்டைத் திண்ணைப் பள்ளியில் மாணாக்கர் மணலில் எழுதி, எண்சுவடியை ஓதி மனனஞ் செய்தனர். வீட்டிலோ சிறுமியர் 14 குழிகளையுடைய பல்லாங்குழியிற் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாய் இட்டு, எண்ணலையும் பகிர்தலையும் கைவழியே பயின்றனர். ஓதல் பள்ளியிலும் ஆடல் வீட்டிலுமாகப் பிரிந்து நின்றன. பொருளுணராது ஓதிய பிள்ளைக்கோ எண் வெறும் ஒலியாய் நின்றுவிடும்.

செருமனியிற் புரோபெல் 1837இல் ஆடலைக் கல்வியாக்கினார். 1939இல் இந்தியா வந்த மரியா மொன்ரிசோரி அம்மையார், 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். அவர் வகுத்த பத்து எண்கோல்களுட் சிறியது 10 சென்ரிமீற்றர்; பெரியது 1 மீற்றர். அவற்றை அடுக்குங் குழந்தை, ஒன்றினும் இரண்டு பெரிதென்பதைக் கண்ணாலும் கையாலும் அறிகின்றது.

ஆதலின், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாலர் வகுப்பிற் புளியங்கொட்டை புகுமாயின், அது வீண்பொழுதன்று. பிரிந்து நின்ற ஓதலும் ஆடலும் ஒன்றுகூடலேயாம்.