ஏட்டில் அடங்காத பாட்டு

1770ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், கிறிஸ்தவர்களின் புனித வாரத்தில், ஸால்ஸ்பர்க் நகரத்து லியோபோல்ட் மொஸார்ட் தம் மைந்தர் வுல்ஃப்காங்குடன் ரோமாபுரி சேர்ந்தார். மைந்தருக்கு வயது 14. அவ்வாண்டு ஜனவரியில் மாந்துவா அரங்கில், கொடுத்த சொற்களுக்கு அங்கேயே மெட்டமைத்துப் பாடிய சிறுவர் அவர்.

அவ்வாரத்தில் போப்பாண்டவரின் சிஸ்டைன் ஆலயத்தில் ஒலிக்கும் 'மிஸெரேரெ' ஐரோப்பா எங்கும் பேர்பெற்றிருந்தது. விவிலியத்தின் 51ஆம் சங்கீதத்திற்கு, 1652இல் மறைந்த கிரெகோரியோ அல்லெக்ரி அமைத்த இசை அது. மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாய் அணைக்கப்படும் வழிபாட்டில், ஐந்து குரல்களின் குழுவும் நான்கு குரல்களின் குழுவும் மாறி மாறிப் பாடி, முடிவில் ஒன்பதும் ஒன்றாகும். வாத்தியம் எதுவும் கிடையாது. நம் பாடகர்க்கு இன்றியமையாத தம்புராப் போன்ற துணையும் இல்லை.

கேட்டு வந்த சிறுவர் அதனை நினைவிலிருந்தே எழுதிவிட்டார். ஏப்ரல் 14இல் தந்தை தம் மனைவிக்கு வரைந்த கடிதம் இதற்குச் சான்று. படியெடுப்போர் சபையினின்று விலக்கப்படுவர் என்றும் அதில் கண்டிருக்கிறது. இதிலிருந்து 'திருடிய பாட்டு' என்றொரு கதை வளர்ந்தது. நாம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அதற்கு முன்பே சில படிகள் வெளியே சென்றிருந்தன. 1771இல் சார்லஸ் பர்னி லண்டனில் அச்சிட்டும் விட்டார். போதாததற்கு 1770 ஜூலையில் போப் பதினான்காம் கிளெமெண்ட் இச்சிறுவருக்குப் பொற்குதிமுள் விருதளித்தார். குற்றவாளிக்கு அளிக்கும் பரிசா அது?

கடிதத்தில் நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. பாட்டை ஊருக்கு அனுப்பாததற்குத் தந்தை கூறும் காரணம்: பாடுவதற்குத் தாங்கள் உடனிருக்க வேண்டும், இயற்றிய இசையினும் பாடும் முறையே அங்கு பெரிது. பர்னியும் ஒரு செய்தி சொல்கிறார். வியன்னாப் பேரரசர் முதலாம் லியோபோல்ட் ரோமிலிருந்து படி வருவித்துப் பாடச் செய்தபோது சப்பென்றிருந்ததாம். போலிப் படி அனுப்பினாரென்று ஆலயத்து இசைத்தலைவர் பதவியிழந்தாராம். உண்மையில் படி சரியானதே. ஏட்டில் இருந்தவை வெறும் சுரக்கோவைகள். அவற்றின்மேல் இழைத்த நுண்ணணிகள் பாடகர் வழிவழியாகத் தொண்டையில் காத்தவை. சுரப்புத்தகத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கீர்த்தனம் சொல்லிக்கொடுக்க முயன்ற நம் காலனித் தாய்மார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கமகத்தை எந்த அச்சுக்கூடம் தந்தது?

சிறுவர் எழுதிய அப்படி இன்று கிடைத்திலது. அவ்வாண்டு ஆகஸ்டில் பொலோஞாவிலிருந்து தந்தை மீண்டும் எழுதுகிறார்: மைந்தரின் குரல் உடைந்துவிட்டது, தெளிவாய் ஐந்து சுரம் எழவில்லை, தாம் இயற்றியவற்றைத் தாமே பாட இயலாமல் வருந்துகிறார்.