நரம்பைச் சுட்டால் பிரஷர் குறையுமா?

1945 ஏப்ரல் 12ஆம் திகதி, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து வோர்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில், தமது உருவப்படத்தை வரைவதற்காக அமர்ந்திருந்த ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட், தலை கடுமையாக வலிப்பதாகக் கூறிவிட்டு மயங்கிச் சரிந்தார். இருதய வைத்தியர் ஹவார்ட் புரூன் அளந்தபோது குருதி அமுக்கம் 300/190 ஆக இருந்தது. மூளையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கினால் அன்று மாலைக்குள் ஜனாதிபதி மரணமானார்.

இது எதிர்பாராத மரணமன்று. 1944 மார்ச்சில் புரூன் அவரை முதன்முதலாகப் பரிசோதித்தபோதே அமுக்கம் 186/108 ஆக இருந்தது, இருதயமும் தளர்ந்திருந்தது. ஆயினும் உப்பைக் குறைத்தல், சிகரெட்டைக் குறைத்தல், ஓய்வெடுத்தல், இருதயத்துக்கு டிஜிட்டாலிஸ் கொடுத்தல் என்பவற்றுக்கு அப்பால் அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை. பத்திரிகையாளர்களிடமோ, ஜனாதிபதி தமது வயதுக்கேற்ற நலத்துடன் இருப்பதாகவே வெள்ளை மாளிகை வைத்தியர் மக்கின்ரையர் சொல்லி வந்தார். புரூன் தமது குறிப்புகளை வெளியிட்டது 1970இலேதான். உலகின் அதிகாரம் மிக்க மனிதருக்கே இந்த நோய்க்கு நல்ல மருந்து கிடைக்காத காலம் அது.

மருந்து இல்லாவிட்டாலும் கத்தி இருந்தது. நமது விருப்பத்துக்குக் கட்டுப்படாது இயங்கும் பரிவு நரம்புகள் குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றன. சிறுநீரகத்துக்குச் செல்லும் கிளைகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி வைக்குமாறு அதனைத் தூண்டுகின்றன. அமுக்கத்தை உயர்த்தும் ரெனின் என்ற பொருளையும் சுரக்கச் செய்கின்றன. அப்படியாயின் அந்த நரம்புகளை அறுத்துவிட்டால் என்ன? பொஸ்டன் நகரின் சத்திரசிகிச்சை நிபுணர் ரெஜினோல்ட் சிமித்விக் அதனைச் செய்தார். முதுகெலும்பின் இரு புறமும் நெஞ்சின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பு வரை உள்ள நரம்புத் தொடரை வெட்டி அகற்றினார். நோயாளிகள் பலரின் அமுக்கம் குறைந்தது. ஆனால் எழுந்து நின்றால் தலைசுற்றி விழுந்தார்கள். உடலின் ஒரு பகுதியில் வியர்வை நின்றது. ஆண்கள் சிலர் ஆண்மை இழந்தார்கள்.

1953இல் சிமித்விக் 1,266 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். ஐந்து ஆண்டுகளில், சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 19 வீதத்தினரும், அதனைப் பெறாத 467 பேரில் 54 வீதத்தினரும் இறந்திருந்தனர். வியக்கத்தக்க வேறுபாடுதான். ஆனால் இந்த இரு பகுதியினரும் திருவுளச்சீட்டால் பிரிக்கப்பட்டவர்களல்லர். கத்தியைத் தாங்கும் வலுவுள்ளவர்கள் ஒரு பக்கத்தில் கூடுதலாக இருந்திருக்கலாம். எதனோடு எதனை ஒப்பிடுகிறோம் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. அதற்கு விடை கிடைப்பதற்குள் மாத்திரைகள் வந்தன. நமது பகுதி வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த சர்ப்பகந்தி மூலிகையால் அமுக்கம் குறைவதை, பம்பாய் இருதய வைத்தியர் ருஸ்தம் வக்கீல் 1949இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் எழுதினார். அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1950களின் இறுதியில் குளோரோதயசைட் வந்தபின் நரம்பை வெட்டும் சத்திரசிகிச்சை வழக்கொழிந்தது.

அரை நூற்றாண்டின் பின் அதே எண்ணம் வேறு உருவில் திரும்பி வந்தது. சிறுநீரக நாடியின் வெளிச்சுவரைச் சுற்றியே அந்த நரம்புகள் செல்வதால், தொடையின் மேற்பகுதி நாடி வழியாக மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, உள்ளிருந்தவாறே வெப்பத்தால் அவற்றைச் சுட்டுவிடலாம். நெஞ்சைத் திறக்கவோ முதுகைக் கீறவோ வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகர வைத்தியர்கள் முன்னின்று நடத்திய முதல் ஆய்வு 2009இல் லான்செற் ஏட்டில் வெளியானது. அடுத்த ஆண்டு 106 பேரைக் கொண்ட இரண்டாம் ஆய்வில், சிகிச்சை பெற்றோரின் மேல் அமுக்கம் ஆறு மாதத்தில் 32 மில்லிமீற்றர் குறைந்திருந்தது. கருவியை உருவாக்கிய சிறு நிறுவனத்தை மெட்ரொனிக் நிறுவனம் 80 கோடி டொலருக்கு வாங்க முன்வந்தது. மாத்திரைக்கு விடைகொடுக்கும் காலம் வந்துவிட்டது என்ற நம்பிக்கை பரவியது.

ஆனால் அந்த இரண்டாம் ஆய்வில் யாருக்குச் சிகிச்சை நடந்தது, யாருக்கு நடக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அமெரிக்காவில் மூன்றாம் ஆய்வை வேறு விதமாக அமைத்தார்கள். 535 நோயாளிகளில் மூன்றிலொரு பங்கினரை, மயக்க மருந்து கொடுத்து மேசையில் கிடத்தி, நாடியைப் படம் மட்டும் பிடித்துவிட்டு, நரம்பைத் தொடாமலே அனுப்பினார்கள். தமக்கு நடந்தது எது என்பது நோயாளிக்குத் தெரியாது. 2014இல் முடிவு வெளியானது. நரம்பு சுடப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் குறைந்திருந்தது. சுடப்படாதவர்களுக்கும் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் குறைந்திருந்தது!

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்த வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது அந்த 12 மில்லிமீற்றர்தான். அது பொய்யன்று, அளந்து கண்டது. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வு, ஒழுங்காக மாத்திரை விழுங்கத் தொடங்குவது, மிக உயர்ந்த அளவு தானாகவே சற்று இறங்கும் இயல்பு ஆகியன சேர்ந்து ஆற்றும் வேலை அது. ஒப்பீடு இல்லாவிட்டால், அந்தப் பெருமை முழுவதும் கருவிக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

சில நிறுவனங்கள் முயற்சியைக் கைவிட்டன. ஆய்வாளர்களோ பிழையைத் தேடினார்கள். வைத்தியர்கள் பலருக்குப் போதிய பயிற்சி இருக்கவில்லை. நரம்புகள் நாடியைச் சுற்றிலும் முழுமையாகச் சுடப்படவில்லை. ஆய்வின் இடையே மருந்துகள் மாறின. கருவியைத் திருத்தி, போலிச் சிகிச்சை ஒப்பீட்டைக் கைவிடாது மீண்டும் சோதித்தார்கள். 2020இல் வெளியான 331 பேரின் ஆய்வில், நாள் முழுவதும் அளந்த அமுக்கத்தில் இரு பகுதியினருக்கும் இடையே ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் வேறுபாடு தெரிந்தது. கேளா ஒலியால் சுடும் வேறொரு கருவியும் இவ்வாறே தேறியது. 2023 நவம்பரில் இரண்டுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி வழங்கியது. முதலில் சொல்லப்பட்ட 32 எங்கே, நிலைத்து நின்ற 4 எங்கே! ஆனாலும் அந்த நான்கை நம்பலாம்.

வெளிநாடுகளில் வாழும் நண்பர்கள் சிலர், இதனைச் செய்துகொண்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் வைத்தியன் அல்லன். ஆனால் ஐரோப்பிய இருதயவியல் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டல், இதனை முதற் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. பல மருந்துகளுக்கும் அடங்காத அமுக்கம் உடையவர்களுக்கு, நன்மை தீமைகளை எடுத்துக்கூறிய பின், அனுபவமுள்ள நிலையத்தில் செய்யத்தக்க ஒரு துணை வழியாகவே கருதுகிறது. மாத்திரை தொடர வேண்டியிருக்கும்.

உலகில் நூறு கோடிக்கும் அதிகமானோருக்கு உயர் குருதி அமுக்கம் உண்டு. அவர்களிற் பலருக்கு அது இருப்பதே தெரியாது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மலிவான மாத்திரை இன்று நமது கிராமத்து மருந்தகத்திலும் கிடைக்கிறது. புதிய கருவியைப் பற்றி விசாரிப்பது நல்லதே. அதற்கு முன், கடைசியாக எப்போது அமுக்கத்தை அளந்தீர்கள் என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.