ஒரு பகற்பொழுதின் பூர்வோத்தரம்

விடியற்காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டு, மரநிழலிலும் மலைச்சரிவிலும் பகலைக் கழித்து, விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் திரும்பிவிடுகிற பிரயாணத்தைப் போலப் பெருநகரவாசிகளுக்குச் சுகமளிப்பது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. அதற்கு மூட்டை முடிச்சு வேண்டாம். தங்குமிடம் தேட வேண்டாம். கட்டுச்சோறும் கால்வலுவும் போதும். ஆயினும் இந்த எளிய சுகம் ஒரு நகரத்து ஜனங்களுக்குக் கிட்ட வேண்டுமானால், நகரத்துக்கு அருகே காடு இருக்க வேண்டும். அங்கே போக வழி திறந்திருக்க வேண்டும். களைத்து அமர்ந்த இடத்தில் தாகத்துக்கு ஏதேனும் கொடுப்பார் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போவதற்கு ஓர் ஓய்வு நாள் இருக்க வேண்டும். இந்நான்கும் எந்த ஊருக்கும் தாமாக வந்து சேர்வதில்லை. இவற்றில் ஒவ்வொன்றும் யாரால், எப்பொழுது, எத்தகைய போராட்டத்தின்பின் சித்தித்தது என்பதை ஆண்டு வாரியாகச் சொல்லக்கூடிய நகரம் ஒன்று உண்டு. ஆஸ்திரிய தேசத்தின் தலைநகரான வியன்னாவே அது.

ஐரோப்பாவின் நடுவே நெடுந்தூரம் நிமிர்ந்து நிற்கும் ஆல்ப்ஸ் மலைத்தொடர், கிழக்கே வரவரத் தணிந்து, வியன்னாவின் மேற்கில் பீச் மரங்கள் அடர்ந்த குன்றுகளாகி, டான்யூப் நதிக்கரையில் வந்து முடிகிறது. இக்குன்றுகளுக்கு வீனர்வால்ட், அதாவது வியன்னாக் காடு, என்று பெயர். நதியை ஒட்டிய கோடியில் நிற்கும் காலன்பெர்க் குன்றின் உயரம் 484 மீட்டர்தான். ஆனால் 1683-ல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டிருந்தபோது, நகரத்தை மீட்க வந்த சேனை அதன் சரிவுகளின் வழியாகத்தான் இறங்கியது. அச்சரிவுகளின் அடிவாரத்தில் கிரின்ட்ஸிங், நுஸ்டார்ஃப், ஹைலிகென்ஸ்டாட் முதலிய கிராமங்கள். அவற்றைச் சூழத் திராட்சைத் தோட்டங்கள். இந்தக் கிராமங்களெல்லாம் இன்று நகரத்துக்குள் அடங்கிவிட்டன. தோட்டங்கள் மட்டும் அழியவில்லை. இருபது லட்சம் பேர் வசிக்கும் ஒரு தலைநகரின் எல்லைக்குள்ளேயே 600 ஹெக்டேர் அளவுக்குத் திராட்சை பயிராகிறது என்றால், அது உலகத்தில் வேறெங்கும் காண்பதற்கு அரிய விசேஷம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் வியன்னாவோ மதிலுக்குள் அடைபட்ட நகரம். கோட்டை மதில் போதாதென்று, 1704-ல் புறநகர்களையும் சுற்றி வளைத்து மண்ணால் மற்றொரு மதில் எழுப்பினார்கள். ஹங்கேரியக் கலகக்காரர்களைத் தடுப்பதற்காக எழுப்பிய அந்த மதில், பகைவர் பயம் நீங்கிய பிறகு, வரி தண்டும் வேலியாக நிலைத்துவிட்டது. அதன் வாயில்கள்தோறும் சுங்கச் சாவடிகள் இருந்தன. நகரத்துக்குள் வரும் இறைச்சிக்கும் மதுவுக்கும் அங்கே வரி உண்டு. 1829-ல் விதித்த நுகர்வு வரி அந்தச் சுமையை நிரந்தரமாக்கியது. ஆகவே மதிலுக்கு உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலை. ஏழைத் தொழிலாளி தன் குடும்பத்தோடு வாயிலைத் தாண்டி நடந்ததற்குக் காற்றும் பச்சையும் ஒரு காரணமென்றால், குறைந்த காசுக்கு வயிறார உண்ணலாம் என்பது அதற்குச் சற்றும் தாழாத மற்றொரு காரணம்.

காடும் சோலையும் அக்காலத்தில் அரச குடும்பத்துக்கே உரியவை. டான்யூப் கரையிலிருந்த பிராட்டர் என்னும் பெரிய வனம் சக்கரவர்த்திகளின் வேட்டைக்காடு. இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி 1766-ல் அதன் கதவுகளை எல்லா ஜனங்களுக்கும் திறந்துவிட்டார். உயர்குலத்தார் முகம் சுளித்தார்கள். நகரமோ திரண்டு உள்ளே சென்றது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ஆவ்கார்டன் என்னும் அரண்மனைத் தோட்டத்தையும் அவ்வாறே திறந்து, மனிதரை மதிக்கும் ஒருவன் எல்லா மனிதருக்கும் இதை அர்ப்பணித்தான் என்ற பொருள்படும் வாசகத்தை அதன் வாயிலில் பொறிக்கச் செய்தார். சாமானிய மனிதனுக்கும் உலாவ ஓர் இடம் வேண்டும் என்பதை ஓர் அரசர் ஒப்புக்கொண்டதே அந்நாளில் பெரிய காரியம்.

அதே சக்கரவர்த்தி 1784-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி பிறப்பித்த ஆணைதான் நம் விஷயத்துக்கு மூலாதாரம். தான் விளைவித்த உணவுப் பொருளையும், தன் தோட்டத்துத் திராட்சை மதுவையும், பழரசத்தையும், ஆண்டின் எக்காலத்திலும், தான் விரும்பிய விலைக்கு எவரும் விற்கலாம் என்பது அதன் சாரம். நிலப்பிரபுவின் மதுவையே வாங்கி விற்க வேண்டுமென்ற நிர்ப்பந்தத்தால் வருந்தியவர்களின் முறையீடு அதற்கு முன்னோடியாக இருந்தது. அரசாங்கக் கடிதம் ஒன்றில் சில வரிகளாக அடங்கிய அந்த அனுமதி, குன்றடிக் குடியானவனின் முற்றத்தை நகரவாசிக்கு விருந்து மண்டபமாக்கிவிட்டது.

அந்த முற்றத்துக்கு ஹோய்ரிகர் என்று பெயர். இவ்வாண்டையது என்பது அச்சொல்லின் பொருள். புது மதுவுக்கும் அதே பெயர், அது விற்கும் இடத்துக்கும் அதே பெயர். அறுவடைக்குப் பின் வரும் புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11-ஆம் தேதியன்று புது மது பட்டம் ஏற்கும். அடுத்த ஆண்டு அதே நாளில் பழையதாகிவிடும். விற்பனை உண்டு என்பதை அறிவிக்க, குடியானவன் ஊசியிலை மரத்தின் பசுங்கிளைகளைக் கொத்தாகக் கட்டி, ஒரு கழியில் மாட்டி, வாசலுக்கு மேலே நீட்டி வைப்பான். கொத்து தொங்கினால் உள்ளே வரலாம். எடுத்துவிட்டால் பீப்பாய் தீர்ந்தது என்று அறிந்து அடுத்த வீட்டைப் பார்க்க வேண்டியதுதான். உள்ளே வால்நட் மரத்தடியில் வர்ணம் பூசாத நீண்ட மேஜைகளும் பலகைகளும் போட்டிருப்பார்கள். முன்பின் அறியாதவரோடு தோள் உரச உட்கார்ந்து, கைப்பிடி வைத்த தடித்த கண்ணாடிக் குவளையில் கால் லிட்டர் வாங்கிக்கொண்டு, மனைவி கூடையில் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் பன்றிக்கொழுப்பையும் வேகவைத்த முட்டையையும் பிரித்துப் பகிர்ந்துகொள்வார்கள். அந்நாளில் குடியானவன் மதுவை விற்பான். சோறு அவரவர் வீட்டுச் சோறு. செல்வனுக்கும் கைவினைஞனுக்கும் அங்கே ஒரே பலகை.

இவ்வாறு இடம் அமைந்தபின் போகும் கலையும் வளர்ந்தது. 1802-ஆம் ஆண்டுக் கோடையை ஹைலிகென்ஸ்டாட் கிராமத்தில் கழித்த பீத்தோவன், செவிப்புலன் மங்குவதை உணர்ந்து மனம் கலங்கி எழுதிவைத்த சாசனம் அக்கிராமத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவ்வட்டாரத்து ஓடையோரங்களில் உலாவி உலாவி அவர் பெற்ற ஆனந்தமோ 1808-ல் அரங்கேறிய கிராமிய சிம்பனியில் கலந்திருக்கிறது. அவர் உலாவிய ஓடைக்கரைப் பாதை பீத்தோவன் நடை என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. சாமானியரோ மதிலின் வாயில்களில் காத்திருக்கும் ட்ஸைசல்வாகன் என்னும் மேற்கூரையற்ற வண்டிகளில், குறுக்குப் பலகைகளில் நெருக்கியடித்து ஏறி, குலுங்கிக்கொண்டே கிராமங்களுக்குப் போனார்கள். இப்பிரயாணங்களைத் திட்டமிடுவோருக்காக அடால்ஃப் ஷ்மிடல் என்னும் எழுத்தாளர் 1835 முதல் 1839 வரை மூன்று பாகங்களாக ஒரு நூலை வெளியிட்டார். வியன்னாவைச் சுற்றி இருபது மணி நேரத் தொலைவுக்கு உட்பட்ட ஊர்களையெல்லாம் தம் காலால் நடந்து பார்த்து அவர் வருணித்தார். மணிக் கணக்கே தூரத்தின் அளவுகோலாக இருந்த காலம் அது. நடப்பவனுக்கு அதைவிட உண்மையான அளவுகோல் இன்றைக்கும் இல்லை.

அந்த அளவுகோலை இரயில் மாற்றியது. 1841-ஆம் ஆண்டுக் கோடையில் தெற்கு இரயில் பாதை வியன்னாவை மேட்லிங், கும்போல்ட்ஸ்கிர்ஹென், பாடன் ஆகிய ஊர்களோடு இணைத்தது. முன்பு இரவு தங்கித் திரும்ப வேண்டிய திராட்சைக் கிராமங்கள் ஒரு பகலுக்குள் அடங்கிவிட்டன. 1874 மார்ச்சு 7-ஆம் தேதி நுஸ்டார்ஃபிலிருந்து காலன்பெர்க் உச்சிக்குப் பல்சக்கர இரயில் ஓடத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்குமுன் சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் வெற்றிகண்ட முறையைப் பின்பற்றியது அது. நுஸ்டார்ஃபின் மது முற்றங்களில் யோஹான், யோசெஃப் ஷ்ரம்மல் சகோதரர்கள் 1878 முதல் இரண்டு வயலின்களோடும், அடிநாதம் பேசும் கிதாரோடும், பின்னர் ஒரு சிறிய கிளாரினெட்டோடும் வாசித்த இசை, இன்றளவும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

வழியும் வாகனமும் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில், போய்ச் சேர வேண்டிய காடே இல்லாமற்போக இருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. 1866-ல் பிரஷ்யாவோடு நடந்த யுத்தத்தில் தோற்ற ஆஸ்திரிய அரசாங்கம், வெறுமையான பொக்கிஷத்தை நிரப்ப, 1870-ல் அரசுக் காடுகளை விற்கத் துணிந்தது. வியன்னாக் காட்டின் பெரும் பகுதி மரவியாபாரத்தின் கோடரிக்கு இலக்காயிற்று. அப்பொழுது தனியொருவராக எழுந்து நின்றவர் யோசெஃப் ஷோஃபெல். முன்பு படையில் உத்தியோகம் பார்த்தவர். பிறகு பேனாவைப் பிடித்தவர். பத்திரிகையில் கட்டுரைமேல் கட்டுரையாக எழுதி, ஒப்பந்தங்களின் அந்தரங்கத்தை அம்பலப்படுத்தினார். அவர்மீது வழக்குகள் பாய்ந்தன, அவர் தளரவில்லை. காடு போனால் நகரத்தின் காற்றும் நீரும் போகும் என்ற உணர்ச்சி ஜனங்களிடையே மூண்டது. 1872-ல் அரசாங்கம் விற்பனையைக் கைவிட்டது. மேட்லிங் நகரம் அவரைத் தன் மேயராக்கியது. சேனைகளால் காக்கப்பட்ட நகரங்களைப் பற்றிச் சரித்திரம் எத்தனையோ ஏடுகளில் பேசுகிறது. மை தொட்ட பேனாவால் காக்கப்பட்ட காட்டுக்கும் அதில் ஓர் ஏடு இருக்க வேண்டியது நியாயம்.

காடு தப்பியது, ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு அதைப் பார்க்க நாள் ஏது? ஞாயிற்றுக்கிழமையும் உழைத்தவர்கள் பலர். 1895 ஜனவரியில் நிறைவேறிய சட்டம் ஞாயிறு ஓய்வைத் தொழில் துறையில் முறைப்படுத்தியது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில், கியோர்க் ஷ்மீடல் என்னும் பள்ளி ஆசிரியர், இயற்கையில் நாட்டமுடையோர் ஒன்றுகூட வேண்டும் என்று தொழிலாளர் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார். அரிவாள் செய்யும் தொழிலாளியான அலோயிஸ் ரோராவரும், பிற்காலத்தில் ஆஸ்திரியக் குடியரசின் அதிபரான, அப்போது சட்ட மாணவராயிருந்த கார்ல் ரென்னரும் அவரோடு சேர்ந்தார்கள். ஈஸ்டர் சமயத்தில் கும்போல்ட்ஸ்கிர்ஹென் திராட்சைச் சரிவுகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஆனிங்கர் குன்றுக்கு முதல் யாத்திரை சென்றார்கள். இயற்கையின் நண்பர்கள் என்னும் சங்கம் அவ்வாறு பிறந்து, பல தேசங்களில் கிளைவிட்டது. மலையில் ஒருவரையொருவர் சந்தித்தால் அவர்கள் கூறும் வாழ்த்துரையின் பொருள், மலைக்கு விடுதலை என்பது. தனியார் வேலியிட்டுப் பாதைகளை அடைத்த காலத்தில் அச்சொல்லுக்கு இருந்த வேகத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இறுதியாக நகரமே தன் கடமையை உணர்ந்தது. மண் மதிலை 1894 முதல் இடித்துத் தள்ளிய வியன்னா, 1905 மே 24-ஆம் தேதி கூடிய நகரசபையில், காடும் புல்வெளியும் கொண்ட பசுமை வளையம் ஒன்றைத் தன்னைச் சுற்றி என்றென்றைக்கும் கட்டடமின்றிக் காப்பது என்று தீர்மானித்தது. கல் மதிலும் மண் மதிலும் சூழ்ந்திருந்த நகரத்துக்கு மரங்களே மூன்றாவது மதிலாயின.

இதற்கிடையே திராட்சைக்கும் சோதனைக் காலம் வந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பேன், 1872-ல் பக்கத்து ஊரான கிளோஸ்டர்நோய்பர்க்கில் கண்டறியப்பட்டு, கொடிகளை வேரோடு உலர்த்தியது. நோய்க்கு ஈடுகொடுக்கும் அமெரிக்க வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். ஒரே தோட்டத்தில் பல ஜாதித் திராட்சைகளைக் கலந்து நட்டு, ஒரே நாளில் பறித்து, ஒன்றாகப் பிழியும் கெமிஷ்டர் ஸாட்ஸ் என்னும் புராதன முறை அங்கே இன்னும் வழங்குகிறது. ஒரு ஜாதி பனியில் கருகினாலும் பின்னால் பூக்கும் மற்றொரு ஜாதி கைகொடுக்கும் என்ற குடியானவனின் முன்யோசனை அதில் அடங்கியிருக்கிறது. புளிப்பும் இனிப்பும் குவளையில் அளந்து கலப்பவை அல்ல. நிலத்திலேயே கலந்து வளர்பவை.

இன்று நுஸ்டார்ஃப் டிராம் நிலையத்தில் இறங்குகிறவர், அங்கிருந்து தொடங்கும் 11 கிலோமீட்டர் நடைபாதையில், பீத்தோவன் நடையின் ஓடையைக் கடந்து, திராட்சை வரிசைகளுக்கிடையே ஏறி, பீச் மரங்களின் நிழலில் காலன்பெர்க்கை அடைந்து, மாலையில் பசுங்கொத்து தொங்கும் ஒரு வாசலுக்குள் நுழையலாம். அவர் கால்வைக்கும் காடு ஷோஃபெல் காத்தது. அமரும் பலகை 1784-ஆம் ஆண்டு ஆணையால் கிடைத்தது. அவருடைய ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் பெற்றுத் தந்தது. சுற்றிலும் கட்டடம் எழாத சரிவு 1905-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் பிரசாதம். அந்த ஒரு பகல் உருவாவதற்கு நூற்றிருபத்தோர் ஆண்டுகள் பிடித்தன. கொத்தை இறக்கிவிட்டால் இந்தப் பருவத்து மது தீர்ந்தது என்று பொருள். அடுத்த அறுவடை உண்டு என்ற நம்பிக்கையோடு ஜனங்கள் எழுந்து வீடு செல்வார்கள். காட்டை விற்றுவிட்டால் அதற்கு அடுத்த அறுவடை இல்லை. தங்கள் நகரத்தின் ஓரத்தில் இன்னும் ஒரு குன்றையும் சோலையையும் உடையவர்கள், வியன்னாவின் இந்தச் சரித்திரத்திலிருந்து மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது இதுவே.